ரைட் சொல்லாமல் தண்ணீர் ஊற்றக் கூடாது

முதியோர் இல்லத்து வேலையில் கைக்கு அரை நாள் வேலை என்றால் வாய்க்கு முழு நாள் வேலை. இதை வெளியே யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். "குளிப்பாட்டணும், சோறு ஊட்டணும், துணி மாத்தணும், அவ்ளோதானே?" என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். குளிக்கவே மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு பெரியவரை, அவர் மரியாதையும் குறையாமல், நம் மண்டையும் உடையாமல் குளியலறை வரைக்கும் அழைத்துப் போனவர்களுக்கு மட்டும்தான் இது புரியும். அப்படிப்பட்டவர்கள் நாட்டில் கம்மி இல்லை. நாங்கள் சம்பளத்துக்குப் பார்க்கிறோம், நீங்கள் வீட்டில் உறவுக்குப் பார்க்கிறீர்கள். வாங்கிக் கட்டிக்கொள்வது எல்லாருக்கும் ஒன்றுதான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் சுமதி. சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். நான் வேலை பார்க்கும் இல்லம் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. கேட்டைத் திறந்தால் ரோடு, ரோட்டைத் தாண்டினால் மலை. என்னோடு பார்வதி என்று இன்னொருத்தி. எங்களுக்கு மேலே கலா சிஸ்டர், நர்ஸ் படிப்பு படித்தவர். நாங்கள் மூன்று பேரும் ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சை அடுக்கி வைத்தால் மலைக்குப் பக்கத்தில் இன்னொரு மலை நிற்கும்.

எந்த வழியில் பாட்டி?

லலிதா மேடம் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ரிடையர் ஆனவர். எங்களிடம் வந்த புதிதில் வாயே திறக்க மாட்டார். "பாட்டி, காபி குடிங்க பாட்டி, நல்ல பாட்டி இல்ல?" என்று பார்வதி கொஞ்சுவாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாவம், புத்தி மங்கிவிட்டது போல என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம்.

ஒரு நாள் அவரோடு வேலை பார்த்த பழைய பியூன் ஒருவர் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நேராக உள்ளே போகவில்லை. வாசலில் நின்று கதவை மெதுவாகத் தட்டி, "மேடம், வரலாங்களா?" என்றார். "வாங்க" என்று உள்ளேயிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது. அதற்குப் பிறகு அந்த அறையிலிருந்து வந்த பேச்சையும் சிரிப்பையும் கேட்டு நானும் பார்வதியும் வெளியே வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

மறுநாள் காலை பார்வதி கதவைத் தட்டி, "மேடம், காபி கொண்டு வரலாங்களா?" என்று கேட்டாள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கொண்டா. ஆனா ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்தேன். எனக்குக் கல்யாணமே ஆகல. எந்த வழியிலம்மா நான் உனக்குப் பாட்டி ஆனேன்?"

பாவம், சின்ன வயசு

வயசாகிவிட்டால் காது கேட்காது என்று நமக்கெல்லாம் ஒரு நினைப்பு. உங்களில் பாதிப் பேர் இப்போதும் வீட்டுப் பெரியவரிடம் மைக் பிடித்தது போலத்தான் பேசிக்கொண்டிருப்பீர்கள். பார்வதிக்கு இயற்கையிலேயே தொண்டை பெரியது. முனுசாமி அய்யா என்று ஒருவர், எங்கள் ஊர்ப் பக்கத்தில் நெல்லும் மல்லாட்டையும், அதாவது நிலக்கடலையும், போட்ட விவசாயி. அவரிடம் போய், "அய்யா! சாப்ட்டீங்களா!" என்று கத்துவாள். அவர் சிரித்துக்கொண்டு தலையாட்டுவார். "வயிறு வலிக்குதா!" என்றாலும் அதே சிரிப்பு, அதே தலையாட்டல். வலிக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நாங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வோம்.

ஒரு மத்தியானம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சும்மா, எனக்கே கேட்கிற குரலில், "எங்க ஊர்ப் பக்கம் நேத்து நல்ல மழையாம்" என்றேன். "பெய்யட்டும், ஏரி இன்னும் பாதிகூட ரொம்பல" என்று பதில் வந்தது. எனக்குக் கை நின்றுவிட்டது. ஏரியிலிருந்து கடலை விதை வரைக்கும் பேசினோம். பேச்சு முடிந்ததும் அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"அந்தப் பார்வதிப் பொண்ணுக்குக் காது சுத்தமா போயிடுச்சா? பாவம், சின்ன வயசு. நான் பதில் சொன்னா அதுக்குக் கேக்காதுன்னுதான் தலைய மட்டும் ஆட்டிட்டிருக்கேன்."

அரை முழம்

ராஜம்மா மலையடிவாரத்துப் பெரிய கோயில் வாசலில் பூ விற்றவர். இடுப்பு வலி உண்டு. வாரம் ஒரு தடவை வருகிற டாக்டர் இளம் வயசுக்காரர், தன்மையானவர். "வலி எவ்ளோம்மா இருக்கு? ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள சொல்லுங்க" என்பார். ராஜம்மா யோசிப்பார், கூரையைப் பார்ப்பார், கடைசியில் "நீங்களே ஏதாவது போட்டுக்குங்க சாமி" என்று சொல்லிவிடுவார். டாக்டர் சிரிப்பார். ஆனால் வலி எவ்வளவு என்று தெரியாமல் மருந்து எப்படி எழுதுவது?

ஆயுசு முழுக்க கையால் அளந்தவரிடம் நம்பர் கேட்டால் எப்படி வரும் என்று எனக்குத் தோன்றியது. "இன்னிக்கு எத்தனை முழம் வலிக்குதும்மா?" என்று கேட்டேன். ராஜம்மா உடனே முழங்கையை நீட்டி, விரல் நுனியிலிருந்து பாதி தூரத்தில் மறு கையை வைத்துக் காட்டினார். "நேத்து ஒரு முழம். மாத்திரை போட்டதும் இவ்ளோ ஆயிடுச்சு." டாக்டருக்கு ஒரே சந்தோஷம். அன்றிலிருந்து அவரும் அப்படித்தான் கேட்கிறார்.

ஒரு நாள் காலையில் ராஜம்மா தானாகவே கையை நீட்டி அளந்து காட்டினார். ஒரு முழம், இரண்டு முழம், அதற்கும் மேலே. கலா சிஸ்டர் உடனே டாக்டருக்கு போன் போட்டார். பார்த்தால் இடுப்பு இல்லை, நீர்க்கடுப்பு முற்றிக் காய்ச்சலுக்குப் போய்க்கொண்டிருந்தது. சரியான நேரத்தில் மருந்து விழுந்தது. அடுத்த இரண்டு நாளும் டாக்டர் எனக்கு போன் செய்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"சுமதிம்மா, இப்ப எத்தனை முழம்?"

படியில் நிற்பவர்

இதெல்லாம் சுலபமான ஆட்கள். நடேசன் சார் வந்த அன்றே பார்வதியின் கண்ணாடி வளையல் உடைந்தது. பஸ் கண்டக்டராக இருந்தவர், நல்ல உயரம், ஓங்கிய குரல். மறதி நோய். மகளையே சில நாள் தெரியும், பல நாள் தெரியாது. குளிக்கக் கூப்பிட்டால் கையை ஓங்குவார். முட்டி வீங்கிப்போய் நொண்டி நொண்டி நடப்பார், ஆனால் சக்கர நாற்காலியைக் கண்டால் காலால் எட்டித் தள்ளுவார். சாயங்காலமானால் "டூட்டிக்கு நேரமாச்சு" என்று கேட்டுக்குப் போய் நின்றுவிடுவார். பூட்டு போட்டால் கேட்டையே ஆட்டி எடுப்பார்.

மகள் கவிதாவுக்குச் சென்னையில் வேலை. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. ஏற்கெனவே ஒரு இல்லத்தில் "எங்களால ஆகாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்களிடமும் சரிப்பட்டு வராவிட்டால் போவதற்கு இன்னொரு இடத்தைப் பார்த்து வைத்திருந்தாள். அங்கே எப்போதும் கதவு பூட்டித்தான் இருக்கும். கை ஓங்குகிறவர்களுக்கு மருந்து கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்களாம். இதைச் சொல்லும்போது அந்தப் பெண் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவின் சட்டைகளை மடித்து அலமாரியில் அடுக்கிக்கொண்டே பேசினாள்.

"அங்க போனா அப்பா பேச்சே நின்னுடும் சிஸ்டர், எனக்குத் தெரியும். ஆனா ரோட்டுல போயி ஏதாவது ஆயிட்டா நான் இன்னா பண்றது?"

ஹோல்டான்

குளியல்தான் பெரிய தகராறு. நான்கு நாள் ஆகியும் அவர் மேல் முழுசாகத் தண்ணீர் படவில்லை, எங்கள் மேல்தான் பட்டது. ஐந்தாம் நாள் எப்படியோ ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டேன். சொம்பைத் தூக்கினேன். அவர் பயந்துபோய் கையை ஓங்கி, அடித்தொண்டையிலிருந்து "ஹோல்டான்!" என்று கத்தினார். அந்தக் குரலுக்கு எந்த டிரைவராக இருந்தாலும் பிரேக் போட்டிருப்பான். நானும் போட்டேன். சொம்பு அந்தரத்தில் நின்றது. அவர் சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஓங்கிய கை மெல்ல இறங்கியது. பிறகு அவரே, ஏதோ பெருந்தன்மையாக, "ம்... ரைட்" என்றார்.

ஊற்றினேன். "ஹோல்டான்" என்றார், நிறுத்தினேன். "ரைட்" என்றார், சோப்பு போட்டேன். யோசித்துப் பாருங்கள், நம்மைக் கேட்காமல் ஒருத்தர் நம் தலையில் தண்ணீரைக் கொட்டினால் நமக்கும்தானே கை ஓங்கத் தோன்றும்? அன்றிலிருந்து அவர் ரைட் சொல்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாது என்று சட்டம் ஆகிவிட்டது. கையும் ஓங்கவில்லை, வளையலும் உடையவில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது, மறைப்பானேன்.

கலா சிஸ்டருக்குத்தான் ஒரு சந்தேகம். எங்கள் பெரியவர்களிடம் பொய் சொல்லக் கூடாது என்பதில் அவர் கறார். "இது பஸ்னு சொல்லி அவரை ஏமாத்தறியா சுமதி?" என்றார். "பஸ்னு நான் எங்க சொன்னேன் சிஸ்டர்? ஊத்தறதுக்கு முன்னாடி கேக்கறேன், அவரு சொல்றாரு. அவ்ளோதான்" என்றேன். நேரில் பார்த்துவிடுவோம் என்று மறுநாள் குளியல் நேரத்தில் அவரே வந்து வாசற்படியில் நின்றார். நடேசன் சார் தலையெல்லாம் சோப்பு நுரையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, படியில நிக்காத. உள்ள வா, இல்ல எறங்கு."

சொல்லிவிட்டுத்தான் போனார்

குளியல் தீர்ந்தது, கேட் தீரவில்லை. ஒரு சாயங்காலம் பால்காரர் வந்த சந்தில் நடேசன் சார் வெளியே நழுவிவிட்டார். டீக்கடை வளைவில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டார். உள்ளதை உள்ளபடி மகளுக்குச் சொன்னோம். போனில் அவள் அழுதது கேட்டது. வருகிற பௌர்ணமியன்று லீவு, அன்றைக்கு வந்து அழைத்துக்கொண்டு போகிறேன் என்றாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? ஆனால் பூட்டிய கதவுக்குப் பின்னால் அவர் யாருக்கு ரைட் சொல்வார்?

பௌர்ணமியன்று கிரிவலம் போகிறவர்களுக்கு எங்கள் கேட்டில் சுண்டல் கொடுப்பது வழக்கம். கொடுப்பது எங்கள் பெரியவர்கள்தான். ராஜம்மா தொன்னையில் சுண்டல் போடுவார், பூ கட்டின கை, யாருக்கும் கூடக் குறைய விழாது. லலிதா மேடம் வரிசையைக் கவனிப்பார். முனுசாமி அய்யா தண்ணீர். அன்று காலையிலேயே கூட்டம் ஜாஸ்தி. நடேசன் சார் கேட்டருகே நின்று, "முன்னாடி போ, முன்னாடி போ, வழியில நிக்காத" என்று கூட்டத்தை நகர்த்திக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கவே ஆசையாக இருந்தது. கிரிவலப் பாதையில் வண்டி விடாததால் கவிதா காரைத் தூரத்தில் விட்டுவிட்டு நடந்து வந்து சேர்ந்தாள். அப்பாவின் துணிகளை எடுத்து வைக்க என்னையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

நாங்கள் பையோடு வெளியே வந்தபோது கேட்டில் நடேசன் சார் இல்லை. "அரோகரா" போட்டுக்கொண்டு போன ஒரு கூட்டத்தின் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாராம். கவிதா பையைக் கீழே போட்டாள். ராஜம்மா தொன்னையை நிரப்பிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"கண்டக்டர் மலை சுத்தப் போயிருக்காரு. இன்னாத்துக்குப் பதர்றீங்க? சொல்லிட்டுதான் போனாரு, நல்ல மனுஷன்."

பாதியில் திருப்பாதே

நானும் கவிதாவும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினோம். நொண்டி நடந்தாலும் நன்றாகத்தான் தூரம் போயிருந்தார். கவிதா போய் அவர் கையைப் பிடித்து, "அப்பா, வாங்கப்பா, திரும்பிப் போலாம்" என்றாள். அவர் கையை உதறினார். அவள் மறுபடியும் பிடித்தாள். அவர் குரல் உயர்ந்தது, கை ஓங்கியது. அவருக்கு அந்த நிமிஷம் அவள் யாரென்று தெரியவில்லை. வழியில் போகும்போது யாரோ ஒருத்தி இழுக்கிறாள், அவ்வளவுதான்.

கூட்டம் கூடிவிட்டது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது எப்படிப்பட்ட காட்சி என்று சொல்ல வேண்டியதில்லை. மலையை வலப்பக்கம் வைத்து எல்லாரும் ஒரே திசையில் போகிற பாதை இது. அதில் வெறுங்காலோடு, நெற்றி நிறைய திருநீறோடு போகிற பெரியவரை ஷூ போட்ட ஒரு பெண் எதிர்த்திசையில் இழுக்கிறாள். நோயைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? நான் விளக்குவதற்குள் மஞ்சள் புடவை கட்டிய ஒரு அம்மா முன்னால் வந்து கவிதாவின் கையைத் தட்டிவிட்டார்.

"நல்லா இருக்கே! மலை சுத்தறவரைப் பாதியில திருப்பறியே, உனக்கு எப்படிம்மா மனசு வருது?"

கண்டக்டர் சீட்டு

கவிதா அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் பக்கத்தில் குனிந்து, "எழுந்திருங்கம்மா. இந்த ரோடு வட்டம். திரும்பினாத்தான் நம்ம வாசல் வரும்னு இல்ல, முன்னாடி போனாலும் வரும்" என்றேன். அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "முழுசா பதினாலு கிலோமீட்டருங்க! அவர் முட்டிய பார்த்தீங்களா?" நியாயமான கேள்விதான். பார்வதிக்கு போன் போட்டேன். அவள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, "வழி! வழி!" என்று அந்தப் பெரிய தொண்டையில் கத்திக்கொண்டு வந்து சேர்ந்தாள். அந்தத் தொண்டை அன்றைக்குத்தான் உருப்படியாகப் பயன்பட்டது. நாற்காலியில் ஒரு பை. கலா சிஸ்டர் மாத்திரை, தண்ணீர், மாற்று வேட்டி, எங்களுக்குச் சுண்டல் எல்லாம் வைத்து அனுப்பியிருந்தார்.

ஆனால் அவர்தான் நாற்காலியைக் கண்டாலே உதைப்பாரே. அவர் கூடவே கொஞ்ச தூரம் நடந்தேன். முட்டி வலி முகத்தில் தெரிந்தது. மாற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, இருப்பதைத்தான் சொன்னேன். "சார், பின்னாடி உங்க சீட்டு காலியா வருது." அவர் நின்றார். திரும்பி நாற்காலியைப் பார்த்தார். சீட்டைக் கையால் ஒரு தட்டுத் தட்டித் தூசி போக்கினார். பிறகு ஏதோ இத்தனை நாளும் அதில்தான் உட்கார்ந்து வந்தவர் போல உட்கார்ந்தார். நான் கைப்பிடியை எடுத்து கவிதாவின் கையில் வைத்தேன். அவள் ஷூவைக் கழற்றி நாற்காலிப் பின்னால் மாட்டிவிட்டு, தள்ளலாமா கூடாதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். கேட்க வேண்டியது என்னையில்லை என்று கண்ணால் காட்டினேன். அவள் குனிந்து, தயங்கித் தயங்கி, "போலாமா சார்?" என்றாள்.

"இன்னும் இன்னாத்துக்கு நிக்கிற? ரைட், ரைட்!"

ஸ்பெஷல் பஸ்

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, கூடவே கண்ணும் கலங்குகிறது. பாதையோர வாயு லிங்கக் கோயிலில் "ஹோல்டான்" என்றார், நின்றோம். சாமி கும்பிட்டுவிட்டு "ரைட்" என்றார், நகர்ந்தோம். குபேர லிங்கத்தில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "எடமில்ல, அடுத்த வண்டியில வாங்க!" என்று குரல் கொடுத்தார். ஜனங்கள் சிரித்துக்கொண்டே வழி விட்டார்கள். மஞ்சள் புடவை அம்மா அதுவரை எங்கள் பின்னாலேயே வந்தார், மகள் சரியாகத் தள்ளுகிறாளா என்று பார்க்கத்தான் போல. அவரும் வாழைப்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் முன்னே போனார்.

ராஜகோபுரம் தாண்டி, செங்கம் ரோட்டில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஒரு மர நிழலில் ஹோல்டான் ஆனது. அவருக்கு மாத்திரை கொடுத்தேன். கவிதாவின் உள்ளங்காலில் கொப்புளம். தள்ளட்டுமா என்று கேட்டேன், தர மாட்டேன் என்றுவிட்டாள். காலைத் தேய்த்துக்கொண்டு, மலையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். வாயால் பிழைக்கிற எனக்கும் சில நேரம் வாயை மூடிக்கொள்ளத் தெரியும்.

"எங்க வீட்ல ஒரு பௌர்ணமிக்குக் கூட அப்பா இருந்ததில்ல சுமதி அக்கா. ஸ்பெஷல் பஸ் டூட்டி. ஊரையே கூட்டியாந்து இங்க எறக்கிட்டு, அப்படியே வண்டிய திருப்பிட்டுப் போயிடுவாரு. ஒரு தடவை கூட அவரு சுத்துனதில்ல."

வாசல்

சாயங்காலம் எங்கள் கேட் தெரிந்தது. போன திசையிலேயே போய் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். எல்லாரும் வாசலில் நின்றார்கள். ராஜம்மா ஒரு முழம் பூவைக் கிள்ளி நாற்காலியின் கைப்பிடியில் சுற்றினார். லலிதா மேடம் எழுந்து நின்று, "வாங்க சார்" என்றார். அவர் எல்லாருக்கும் எழுந்திருக்கிறவர் இல்லை. அந்த நேரம் பார்த்து கவிதாவின் போன் அடித்தது. பூட்டு போடுகிற அந்த இடத்திலிருந்து. எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அவள் அப்பாவைப் பார்த்தாள். "இல்லீங்க, வரல. அவர் டூட்டியில இருக்காரு" என்று சொல்லி வைத்துவிட்டாள். பார்வதி என் கையைப் பிடித்து நசுக்கிய நசுக்கில் இந்தத் தடவை என் வளையல் உடைந்தது.

அன்றிலிருந்து எங்கள் கேட்டில் ஒரு புது வழக்கம். சாயங்காலம் அவர் வருவதற்கு முன்னாலேயே நாற்காலியை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறோம். நானோ பார்வதியோ டீக்கடை வளைவு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், ஒரு டீ குடித்துவிட்டு வருகிறோம். இதுவரை அவர் தனியாக வெளியே போகவில்லை, போகவேண்டிய அவசியமும் இல்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கவிதா வந்துவிடுகிறாள், ஷூ இல்லாமல். அந்த முதல் கிரிவலத்தன்று, நாற்காலியை வாசலில் நிறுத்தியதும், "பயணம் எப்படிங்க சார்?" என்று நான் கேட்டேன். அவர் இறங்கி, வேர்த்துப்போய் நின்ற மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெயர் வரும் என்று நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். பெயர் வரவில்லை. அவள் தலையில் கை வைத்தார்.

"புது டிரைவரா? நல்லா ஓட்டறம்மா. பள்ளத்துல மட்டும் கொஞ்சம் பார்த்து எறக்கு. நாளைக்கும் நீயே வா."

தினமும் குளிப்பாட்டிச் சோறு போடும் என்னையும் அவர் இன்றைக்கும் கலா சிஸ்டரைப் போலப் படியில் நிற்கிற பயணியாகத்தான் நடத்துகிறார், ஒரே நாள் தள்ளிய மகளை டிரைவர் ஆக்கிவிட்டார், பதவி உயர்வு என்பது எல்லா ஆபீசிலும் இப்படித்தான் போல.